கியோத்தோவில் பிரித்தானிய நிகழ்பட ஆட்ட உருவாக்குநர்கள்

1990களின் தொடக்கத்தில் இலண்டனின் ஆர்கோநாட் சாஃப்ட்வேர் நிறுவனத்தைச் சேர்ந்த இளம் நிரலாளர்கள் சிலர் ஜப்பானின் கியோத்தோ நகருக்குச் சென்று நின்டெண்டோ நிறுவனத்துடன் இணைந்து பணியாற்றினர். நிகழ்பட ஆட்டத் துறையில் (வீடியோ கேம்) வெளிநாடு சென்று படைப்புத் தொழிலைத் தொடங்குவது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு இவர்களின் வரலாறு நன்கு பதிவான ஓர் எடுத்துக்காட்டு ஆகும். இவர்களுள் டிலன் கத்பர்ட், ஜைல்ஸ் கொடார்ட் ஆகிய இருவரும் பின்னர் கியோத்தோவிலேயே சொந்த நிறுவனங்களைத் தொடங்கினர். இவர்கள் உருவாக்கத்தில் பங்கேற்ற ஸ்டார் ஃபாக்ஸ் (1993) உலகெங்கும் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையானது. அதன் தொடர்ச்சியான ஸ்டார் ஃபாக்ஸ் 2 முழுமையாக முடிக்கப்பட்ட பின்னரும் 22 ஆண்டுகள் வெளியிடப்படவில்லை. இவ்விரு நிகழ்வுகளும் வெளிநாட்டு ஆட்டத் தொழிலின் இரு பக்கங்களைக் காட்டுகின்றன: திறமை ஒருவருக்குக் கதவைத் திறந்துவிடலாம், ஆனால் உள்ளே அவர் படைப்பது அவருக்கே உரியதாக இருக்கும் என்பதில்லை.

பின்னணி

ஆர்கோநாட் நிறுவனத்தை ஜெஸ் சான் என்பவர் 1982இல் தொடங்கினார். வீட்டுக் கணினிகள் பரவி வந்த அக்காலத்தில் பிரித்தானியாவில் பள்ளி மாணவர்கள் பலர் தாமாகவே நிரலாக்கம் கற்று ஆட்டங்களை உருவாக்கினர். முறையான கல்வித் தகுதியைவிட, எழுதிக் காட்டிய நிரலே அவர்களுக்கு வேலை பெற்றுத் தந்தது.

1986இல் வெளியான ஸ்டார்கிளைடர் இந்நிறுவனத்துக்குப் பெயர் வாங்கித் தந்த ஆட்டமாகும். கோடுகளால் வரையப்பட்ட முப்பரிமாண உலகில் பறக்கும் ஆட்டம் அது. பெரும்பாலான ஆட்டங்கள் தட்டையான படங்களை நகர்த்திக் காட்டிய நாளில், முப்பரிமாணக் கணிப்புகளை வேகமாகச் செய்யும் நுட்பம் ஆர்கோநாட்டின் தனித்திறனாக அமைந்தது. கத்பர்டும் கொடார்டும் தம் பதின்பருவத்தில் இந்நிறுவனத்தில் சேர்ந்தனர்.

கேம் பாய் கருவியும் கியோத்தோ அழைப்பும்

நின்டெண்டோ தன் கையடக்கக் கருவியான கேம் பாயை 1989 ஏப்ரலில் ஜப்பானில் வெளியிட்டது. அதற்கு ஆட்டம் உருவாக்க வேண்டுமானால் நின்டெண்டோவின் உரிமமும் தொழில்நுட்ப ஆவணங்களும் தேவை. ஆர்கோநாட்டிடம் இரண்டும் இல்லை. எனவே அதன் நிரலாளர்கள் கருவியைத் தாமே ஆராய்ந்து அது இயங்கும் முறையைக் கண்டறிந்தனர்.

கேம் பாயை இயக்கியதும் நின்டெண்டோவின் பெயர்ச்சின்னம் திரையின் மேலிருந்து இறங்கி வரும். அச்சின்னத்தின் தரவு ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் இருக்க வேண்டும். கருவி அதைத் தன்னுள் உள்ள நகலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் ஆட்டம் தொடங்காது. இது தொழில்நுட்பப் பூட்டு மட்டுமன்று, சட்டப் பூட்டும்கூட. உரிமமின்றி ஆட்டம் வெளியிடுவோர் நின்டெண்டோவின் வணிகச் சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியவர்கள் ஆகிவிடுவர். ஆனால் கருவி அத்தரவை இருமுறை படித்தது: ஒருமுறை திரையில் காட்டுவதற்கு, மறுமுறை ஒப்பிடுவதற்கு. மலிவான ஒரு மின்தடையையும் ஒரு மின்தேக்கியையும் இணைத்து, முதல்முறை ஆர்கோநாட்டின் பெயரும் இரண்டாம் முறை சரியான சின்னமும் படிக்கப்படுமாறு ஆர்கோநாட் செய்ததாக ஜெஸ் சான் பின்னாளில் நேர்காணல்களில் கூறியுள்ளார்.

இக்கருவியில் கத்பர்ட் ஒரு முப்பரிமாணச் செய்முறை ஆட்டத்தை உருவாக்கினார். கேம் பாய் போன்ற எளிய கருவியில் முப்பரிமாணம் இயங்கியது நின்டெண்டோவின் கவனத்தை ஈர்த்தது. 1990இல் சானும் கத்பர்டும் கியோத்தோவுக்கு அழைக்கப்பட்டனர். அப்போது கத்பர்டுக்கு 20 வயதுகூட நிறையவில்லை. அந்தச் செய்முறையே வளர்ந்து, எக்ஸ் என்ற பெயரில் 1992இல் ஜப்பானில் மட்டும் வெளியானது.

இவர்களின் பயணத்துக்குக் காரணமாக இருந்தது விண்ணப்பமோ பரிந்துரைக் கடிதமோ அன்று. இயங்கிக்கொண்டிருந்த ஓர் ஆட்டம். நின்டெண்டோவிடம் சிறந்த ஆட்ட வடிவமைப்பாளர்கள் இருந்தனர். முப்பரிமாண நிரலாக்கத்தில் அனுபவம் குறைவாக இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்களாக இவ்விளைஞர்கள் இருந்தனர்.

ஸ்டார் ஃபாக்ஸ் உருவாக்கம்

சூப்பர் ஃபாமிகாம் (மேலை நாடுகளில் சூப்பர் நின்டெண்டோ) கருவியின் செயலி முப்பரிமாணக் கணிப்புகளுக்குப் போதிய வேகம் கொண்டதாக இல்லை. தனி வன்பொருள் இல்லாமல் இதற்குமேல் முன்னேற முடியாது என்று சான் நின்டெண்டோவிடம் தெரிவித்தார். இதன் விளைவாக ஆர்கோநாட் வடிவமைத்த சூப்பர் எஃப்எக்ஸ் என்னும் துணைச் செயலி உருவானது. இது ஆட்டக் கருவிக்குள் அல்லாமல் கார்ட்ரிட்ஜுக்குள் பொருத்தப்பட்டது. கார்ட்ரிட்ஜின் உற்பத்திச் செலவு உயர்ந்தாலும், ஏற்கெனவே கருவி வைத்திருந்தவர்கள் புதிய கருவி வாங்க வேண்டிய தேவை எழவில்லை.

கத்பர்ட், கொடார்ட், கிறிஸ்டர் வோம்பெல் ஆகியோர் கியோத்தோவில் தங்கி நிரலாக்கத்தைக் கவனித்தனர். சிகேரு மியாமோத்தோ தயாரிப்பாளராகவும் கட்சுயா எகுச்சி இயக்குநராகவும் பணியாற்றினர். கதைமாந்தர்களை தகாயா இமாமுரா வரைந்தார். நிரல் பிரித்தானியரிடமும் வடிவமைப்பு ஜப்பானியரிடமும் இருந்த இந்தப் பணிப்பகிர்வு ஆட்டத்தின் தன்மையையும் மாற்றியது. ஸ்டார்கிளைடரில் ஆடுபவர் விரும்பிய திசையில் பறக்கலாம். ஸ்டார் ஃபாக்ஸில் விண்கலம் ஒரு பாதையில் முன்னோக்கியே செல்கிறது. ஆடுபவர் அப்பாதைக்குள் விலகியும் சுட்டும் முன்னேறுகிறார். இம்முறையால் எந்நேரத்தில் எத்தனை பொருள்கள் திரையில் தோன்றும் என்பதை வடிவமைப்பாளர் முன்னரே தீர்மானிக்க முடிந்தது. குறைந்த எண்ணிக்கையிலான பல்கோணங்களைக் கொண்டே விறுவிறுப்பான காட்சிகளை அமைக்க இது உதவியது.

ஆட்டத்தின் நாயகன் நரியாக அமைந்ததற்கும் ஊரோடு தொடர்பு உண்டு. அப்போதைய நின்டெண்டோ தலைமையகத்துக்கு அருகில் புசிமி இனாரி கோயில் உள்ளது. ஷிந்தோ மரபில் நரிகள் இனாரி தெய்வத்தின் தூதர்கள். அக்கோயிலின் மலைப்பாதையில் செந்நிறத் தோரண வாயில்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. வளைவுகளின் ஊடே பறந்து செல்லும் ஆட்டக் காட்சிகளுக்கும் நரி நாயகனுக்கும் இக்கோயில் தூண்டுதலாக இருந்ததை மியாமோத்தோ கூறியுள்ளார். இலண்டனில் பிறந்த நுட்பமும் கியோத்தோவின் உள்ளூர் மரபும் இவ்வாறு ஒரே ஆட்டத்தில் கலந்தன.

ஸ்டார் ஃபாக்ஸ் 1993 பிப்ரவரி 21 அன்று ஜப்பானில் வெளியானது. ஐரோப்பாவில் அது ஸ்டார்விங் என்ற பெயரில் விற்கப்பட்டது.

ஸ்டார் ஃபாக்ஸ் 2

முதல் ஆட்டத்தின் வெற்றியைத் தொடர்ந்து இரண்டாம் ஆட்டத்தின் பணி தொடங்கியது. கத்பர்ட் இதன் முதன்மை நிரலாளர். விண்கலம் எல்லாத் திசைகளிலும் திரும்பிப் பறக்கும் முறை, வரைபடத்தில் எதிரிகளின் நகர்வைக் கவனித்துத் தாய்க்கோளைக் காக்கும் உத்தி விளையாட்டு முறை ஆகியவை இதில் புதியவை.

1994 டிசம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வெளிவந்தது. அதன் முப்பரிமாணக் காட்சிகளுக்கு முன் பழைய கருவியின் காட்சிகள் மங்கித் தெரிந்தன. நின்டெண்டோவும் தன் அடுத்த கருவியான நின்டெண்டோ 64க்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. இந்நிலையில், வேலை முடிந்திருந்த ஸ்டார் ஃபாக்ஸ் 2 வெளியீடு 1995இல் கைவிடப்பட்டது. அதில் முயன்று பார்க்கப்பட்ட எத்திசையிலும் பறக்கும் முறை 1997இல் வெளியான ஸ்டார் ஃபாக்ஸ் 64இல் இடம்பெற்றது. முழுமையடையாத சில பதிப்புகள் இணையத்தில் கசிந்து ஆர்வலர்களிடையே உலவின. இறுதியில் 2017 செப்டம்பரில், பழைய ஆட்டங்களை உள்ளடக்கி நின்டெண்டோ விற்ற சிறு கருவி ஒன்றில் ஸ்டார் ஃபாக்ஸ் 2 முதன்முறையாக அதிகாரபூர்வமாக வெளிவந்தது.

இளம் வயதில் ஆண்டுக்கணக்கில் உழைத்து முடித்த படைப்பை மற்றவர்களுக்குக் காட்ட முடியாமல் போவது இத்துறையில் அரிதன்று. பெரும்பாலான கைவிடப்பட்ட ஆட்டங்கள் ஒருபோதும் வெளிவருவதில்லை.

படைப்புரிமையும் பணியாளரும்

பணியாளர் தம் பணியின் பகுதியாக உருவாக்கும் படைப்பின் உரிமை யாருக்குச் சேரும் என்பதில் பல நாடுகளின் சட்டங்கள் ஏறக்குறைய ஒரே நிலைப்பாட்டைக் கொண்டுள்ளன.

• பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமை, வடிவமைப்பு, காப்புரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து வேலையளிப்பவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது.
• இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் பணி ஒப்பந்தத்தின்கீழ் உருவான படைப்புகளுக்கு இதையே கூறுகிறது.
• ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. உரிய நிபந்தனைகள் பொருந்தினால் உரிமையாளராக மட்டுமன்றிப் படைப்பாளராகவே நிறுவனம் கருதப்படும். கணினி நிரல்களுக்கு, அவை நிறுவனத்தின் பெயரில் வெளியிடப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

இதன் நடைமுறை விளைவு எளிது. வரைந்த கதைமாந்தர், எழுதிய நிரல், அமைத்த இசை ஆகியவற்றைப் பணியாளர் வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. வெளியிடப்படாத ஆட்டத்தின் காட்சிகளைத் தம் படைப்புத் தொகுப்பில் சேர்க்கவும் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அவருடன் செல்பவை கற்ற திறனும், வெளியான ஆட்டங்களின் இறுதியில் இடம்பெறும் பெயர்ப்பட்டியலும், உடன் பணியாற்றியோரின் நன்மதிப்புமே ஆகும்.

பின்னாளைய பாதைகள்

கொடார்ட் நின்டெண்டோவில் நேரடிப் பணியாளராகச் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் கியோத்தோ தலைமையகத்தில் அவ்வாறு பணியாற்றிய முதல் மேலைநாட்டவர்களுள் அவரும் ஒருவர். சூப்பர் மரியோ 64 (1996) ஆட்டத்தின் தொடக்கத் திரையில் இழுத்தும் நெளித்தும் விளையாடக்கூடிய மரியோவின் முகம் அவரது ஆக்கமாகும். 1998இல் வெளியான 1080° ஸ்னோபோர்டிங் ஆட்டத்தின் முதன்மை நிரலாளர்களுள் ஒருவராகவும் இருந்தார். 2002இல் கியோத்தோவில் விடெய் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இவரது பிந்தைய நிறுவனமான சூஹாய் லேப்ஸ் 2022இல் வெளியான கர்ஸ்ட் டு கோல்ஃப் என்ற ஆட்டத்தை உருவாக்கியது.

கத்பர்ட் அமெரிக்காவில் சோனியின் ஆட்டப் பிரிவில் சேர்ந்து பிளாஸ்டோ (1998) ஆட்டத்தில் பணியாற்றிவிட்டு மீண்டும் ஜப்பான் திரும்பினார். பிளேஸ்டேஷன் 2 கருவி 1999இல் அறிமுகமானபோது காட்டப்பட்ட, குளியல் தொட்டியில் வாத்துப் பொம்மைகள் மிதக்கும் செய்முறைக் காட்சி அவர் உருவாக்கியதாகும். 2001 செப்டம்பரில் கியோத்தோவில் கியூ-கேம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஸ்டார் ஃபாக்ஸ் கமாண்ட் (2006) ஆட்டத்தை நின்டெண்டோவுக்காக இந்நிறுவனமே உருவாக்கியது. அதாவது, பணியாளராக விட்டுச் சென்ற ஆட்டத் தொடருக்குத் தனி நிறுவனத்தின் தலைவராகத் திரும்பி வந்தார். 2007 முதல் பிக்சல்ஜங்க் என்ற பெயரில் சிறிய ஆட்டங்களின் தொடரையும் கியூ-கேம்ஸ் வெளியிட்டது. அவற்றுள் பிக்சல்ஜங்க் ஈடன் (2008) ஆட்டத்தின் காட்சிகளையும் இசையையும் கியோத்தோக் கலைஞர் பாயோன் அமைத்தார்.

கியூ-கேம்ஸ் சோனியுடன் சேர்ந்து உருவாக்கிய த டுமாரோ சில்ட்ரன் 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில் இணையச் சேவை நிறுத்தப்பட்டதால் ஆட முடியாததாயிற்று. இம்முறை கத்பர்ட் காத்திருப்பதோடு நிற்கவில்லை. ஆட்டத்தின் உரிமையை சோனியிடமிருந்து பெற்றதாக 2021இல் கியூ-கேம்ஸ் அறிவித்தது. இணையச் சேவையகத்தை மட்டுமே நம்பியிராதவாறு திருத்தப்பட்ட பதிப்பு 2022 செப்டம்பரில் வெளிவந்தது. ஸ்டார் ஃபாக்ஸ் 2 வெளிவர 22 ஆண்டுகள் ஆயின. இந்த ஆட்டம் 5 ஆண்டுகளுக்குள் மீண்டது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு திறமையில் இல்லை. உரிமையைக் கேட்டுப் பெறும் நிலையில் இருந்ததில் உள்ளது.

ஆர்கோநாட் நிறுவனத்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. குரோக் (1997) போன்ற வெற்றிகளுக்குப் பின்னரும் அது 2004இல் மூடப்பட்டது.

கியோத்தோவின் சுயாதீனச் சூழல்

முன்னர் சென்றவர்கள் நிலைத்துவிட்ட ஊரில் பின்னர் வருவோருக்கு இடம் கிடைப்பது எளிதாகிறது. சிறு ஆட்ட நிறுவனங்களின் படைப்புகளைக் காட்சிப்படுத்தும் பிட்சம்மிட் விழா 2013 முதல் கியோத்தோவில் நடைபெற்று வருகிறது. அதைத் தொடங்கிய ஜேம்ஸ் மியெல்க் அப்போது கியூ-கேம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். அமெரிக்கரான ஜேக் கஸ்டால் முதலில் தோக்கியோவில் செகா நிறுவனத்தின் ரெஸ் (2001) ஆட்டக் குழுவில் இருந்து, பின்னர் அமெரிக்காவில் தொடங்கிய 17-பிட் என்ற சொந்த நிறுவனத்தை கியோத்தோவுக்கு மாற்றினார். இந்நகரின் ரிட்சுமேகன் பல்கலைக்கழகத்தில் ஆட்ட ஆய்வுக்கென ஒரு மையமும் உள்ளது.

இன்றைய நடைமுறை

கத்பர்ட் சென்றது போன்ற வழி இன்று அரிது. ஜப்பானில் ஆட்டத் துறை வேலைக்குச் செல்லும் வெளிநாட்டவர் பெரும்பாலும் பொறியியலாளர், மனிதவியல் வல்லுநர், பன்னாட்டுச் சேவைகள் என்னும் ஒருங்கிணைந்த வதிவிடத் தகுதியின்கீழ் செல்கின்றனர்.

விசா

இத்தகுதிக்குப் பொதுவாக வேலையோடு தொடர்புடைய பட்டப்படிப்போ 10 ஆண்டு அனுபவமோ தேவை. ஜப்பானியத் தொழிற்கல்லூரிகளில் உரிய பட்டயம் பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். வேலை தரும் நிறுவனம் ஜப்பானில் தகுதிச் சான்றிதழைப் பெற்று அனுப்ப, அதைக் கொண்டு விண்ணப்பதாரர் தம் நாட்டிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தில் விசா பெறுகிறார். எனவே வேலை உறுதியான பிறகே விசா என்பதே வரிசை. ஜப்பானியருக்கு இணையான ஊதியம் தரப்பட வேண்டும் என்பதும் விதி.

பிரித்தானியா, ஆஸ்திரேலியா, கனடா முதலிய நாட்டு இளைஞர்கள் பணி விடுமுறை விசாவில் சென்று அங்கிருந்தே வேலை தேட முடியும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஜப்பானுடன் அத்தகைய உடன்பாடு இல்லை. ஆகவே தமிழ் மாணவர்கள் பலருக்கு அங்கேயே படித்து வேலையில் சேர்வது நடைமுறைக்கு ஏற்ற வழியாகும். மாணவர் விசாவில் உள்ளோர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம்.

வேலையை விட்டாலோ இழந்தாலோ 14 நாள்களுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தக்க காரணமின்றி மூன்று மாதங்களுக்கு மேல் உரிய பணியில் ஈடுபடாதிருந்தால் வதிவிடத் தகுதி நீக்கப்படலாம். ஆட்டங்கள் பாதியில் கைவிடப்படுவதும் குழுக்கள் கலைக்கப்படுவதும் வழக்கமான துறையில் இது சிறிய விதி அன்று. உள்ளூர்ப் பணியாளருக்கு வேலையிழப்பு வருமான இழப்பு; வெளிநாட்டவருக்கு அது நாட்டில் தங்கும் உரிமையையும் பாதிக்கக்கூடும். சில மாதச் செலவுக்குரிய சேமிப்பைக் கையில் வைத்திருப்பது இதனால் இன்றியமையாததாகிறது. விதிகள் அவ்வப்போது மாறுவதால் ஜப்பானியக் குடிவரவு முகமையின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொழி

குழுவுக்குள் பேச்சும் ஆவணங்களும் ஜப்பானிய மொழியிலேயே இருப்பதால் பல நிறுவனங்கள் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் இரண்டாம் நிலையை எதிர்பார்க்கின்றன. ஐந்து நிலைகளைக் கொண்ட இத்தேர்வு சென்னையிலும் நடத்தப்படுகிறது. இதில் பேச்சுத் தேர்வு இல்லை. எனவே சான்றிதழ் பெற்றவரும் பேசிப் பழக வேண்டியிருக்கும். பிற நாட்டவர் நடத்தும் சிறு நிறுவனங்களில் ஆங்கிலமும் புழங்குகிறது. எனினும் வீடு வாடகைக்கு எடுப்பது முதல் மருத்துவரைப் பார்ப்பது வரை அன்றாட வாழ்வுக்கு உள்ளூர் மொழியே துணை.

படைப்புத் தொகுப்பு

ஜப்பானியத் துறையில் டிசைனர் என்னும் சொல் பெரும்பாலும் ஓவியரையும் வரைகலைஞரையும் குறிக்கும். ஆட்டத்தின் விதிகளையும் கட்டங்களையும் வடிவமைப்பவர் பிளானர் எனப்படுகிறார். இவ்வேறுபாட்டை அறியாமல் விண்ணப்பிப்போர் தவறான பணிக்கு விண்ணப்பித்துவிடக் கூடும். பிளானர் பணிக்கு, ஆட்டக் கருத்தைச் சில பக்கங்களில் விளக்கும் திட்ட முன்மொழிவு கேட்கப்படும். ஓவியர்க்கு வரைபடங்களும், அசைவூட்டக் கலைஞருக்குச் சுருக்கமான காணொளியும், நிரலாளருக்கு ஆடிப் பார்க்கக்கூடிய சிறு ஆட்டமும் ஏற்றவை. முடிக்கப்பட்ட ஒரு சிறு ஆட்டம், முடிக்கப்படாத பெரிய ஆட்டத்தைவிட அதிகம் சொல்லும்.

விண்ணப்பிக்கும் முன் செய்து முடித்தவை பொதுவாக விண்ணப்பதாரருக்கே உரியவை. எனவே சொந்த நேரத்தில் உருவாக்கும் ஆட்டங்கள் பற்றி வேலை ஒப்பந்தம் என்ன கூறுகிறது என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துப் பார்ப்பது அவசியம். சில நிறுவனங்கள் அவற்றைத் தடை செய்கின்றன. சில, முன்கூட்டித் தெரிவித்தால் அனுமதிக்கின்றன. கேம் பாயில் ஓடிய ஒரு சிறு செய்முறை கத்பர்டை கியோத்தோவுக்குக் கொண்டு சேர்த்தது. ஆனால் அவரையும் கொடார்டையும் அந்நகரில் நிலைக்கச் செய்தவை அவர்கள் கற்ற மொழியும், உடன் பணியாற்றியோரிடம் ஈட்டிய நம்பிக்கையும், தம் பெயரில் தொடங்கிய நிறுவனங்களும் ஆகும்.